வீடியோவில் பேசியது நான்தான்

மகன்,

நீ அன்றைக்கு ஃபோனில் கேட்டபோது நான் சொன்னது பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். உனக்கு மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என்னைக் காப்பாற்றுவதற்காக நீ எழுதியதை ஊரே வாசித்தது. அதனால் இதையும் ஊர் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் ஓர் எழுத்தும் மாற்றாமல் அதே இணையப் பக்கத்தில் போட்டுவிடு. கல்யாணம் நெருங்கும் நேரத்தில் இது எதற்கு என்று உனக்குத் தோன்றும். அம்மாவும் அதையேதான் கேட்டாள். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் பிறகு நான் எழுதவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும், இந்தச் சில மாதங்களில் இன்னும் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

நீ பாடசாலையில் உயர்தரம் படித்த காலத்தில் டவுனில் ஒரு ஜிம்மில் சேர்ந்து, உடம்பு ஏற்றுவதற்கென்று ஒரு டின் மாவு வாங்கி வந்தாயே, நினைவிருக்கிறதா? அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, உன்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, லேபலை வாசிக்கச் சொன்னேன். செய்த கம்பனியின் விலாசம் எங்கே, தொகுதி இலக்கம் எங்கே, நம் நாட்டுப் பதிவு இலக்கம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, இல்லை, இல்லை என்றாய். “செஞ்சவனே தன் பேரப் போட வெக்கப்படுற சாமான நீ எதுக்கு வாயில போடுற?” என்று கேட்டு, மாவைக் கொண்டுபோய் வாழையடியில் கொட்டினேன்.  அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தவன் மகன் அல்லவா, அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாய். நீ மட்டுமா? நாவுலயிலிருந்தும் நாலந்தாவிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து மாத்தளைக் கிளினிக்குக்கு வருகிறவர்கள், மருந்து ஜன்னலில் என் முகத்தைக் கண்ட பிறகுதான் குளிசையை வாங்கிப் பையில் போடுவார்கள். வேறொருவர் கொடுத்திருந்தால், அதையும் கொண்டுவந்து என்னிடம் காட்டி, “இது சரிதானே சேர்?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் போவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சந்தையில், கோயிலில், பஸ்ஸில் அந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துகொண்டிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றதும் நடை குறைந்தது, தட்டில் சோறு குறையவில்லை. உடம்பு போட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வவுனியாவில் உன் நிச்சயதார்த்தம் நடக்கும்வரை. பந்தலில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையில் நான் உட்கார்ந்த சற்று நேரத்தில் அதன் பின்கால்கள் விரிந்து, கையிலிருந்த பலகாரத் தட்டோடு மல்லாந்து விழுந்தேன். நீ ஒரு பக்கமும் உன் மாமனார் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினீர்கள். யாராவது சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்து அதை முடித்திருப்பேன். அவர்கள் நல்ல மனிதர்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் வீட்டுக்குள் போய்ப் பெரிய மரக் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து எனக்கென்று தனியாகப் போட்டார்கள். மற்ற எல்லோரும் வெள்ளைக் கதிரையில் இருக்க, நான் மட்டும் அதில் ராசா மாதிரி உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது வேனில் நீ என் தோளில் கை போட்டு, பழைய கதிரை அப்பா, வெடிப்பு இருந்திருக்கும் என்றாய். நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன். கல்யாண மேடையில் உன் பக்கத்தில் எப்படி நிற்கப்போகிறேன் என்பதுதான் அன்றைக்கு மனதில் ஓடியது.

நீ வெளிநாட்டுக்குத் திரும்பிப் போன பிறகு ஃபோனில் தொந்தி குறைப்பது பற்றி ஏதோ பார்த்தேன். ஒன்றைப் பார்த்தால் போதும், பிறகு ஃபோனைத் திறக்கும் போதெல்லாம் அதுதான். குண்டாக ஒரு படம், பக்கத்தில் மெலிந்து ஒரு படம். வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் மூலிகை, இயற்கை, பக்கவிளைவு கிடையாது என்கிறார். இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்கிறார், அடுத்த நாளும் அதையேதான் சொல்கிறார். இவற்றையெல்லாம் பார்த்துச் சிரித்தவன் நான். பிறகு ஒரு மத்தியானம், அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது, அதிலிருந்த இலக்கத்துக்கு வணக்கம் என்று எழுதினேன்.

உடனே ஒரு பெண் பேசினாள். தன்னை டொக்டர் என்றாள். முதல் நாள் சொன்ன பெயரும் பிறகு சொன்ன பெயரும் ஒன்றல்ல என்பதை நான் கவனித்தேன், கவனித்தும் கேட்கவில்லை. அவள் என் வயதைக் கேட்டாள், முட்டி வலியைக் கேட்டாள், வீட்டில் யாரும் உங்களைப் புரிந்துகொள்வதில்லையா ஐயா என்று கேட்டாள். என்ன உத்தியோகம் என்று கேட்டபோது அரசாங்க மருந்தாளர் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. என்னைப் போன்றவர்களுக்குத்தான் இதன் அருமை விளங்கும் என்றாள். கூரியரில் போத்தல் வந்தது. உனக்கு மேசையில் வைத்துச் சொல்லித் தந்த எல்லாவற்றையும் அதில் தேடினேன். கம்பனி விலாசம் இல்லை. தொகுதி இலக்கம் இல்லை. பதிவு இலக்கம் இல்லை. பச்சை இலை ஒன்றின் படமும் ஆங்கிலத்தில் நாலைந்து பூண்டுகளின் பெயரும் இருந்தன. அதைத் திறந்து ஒன்றை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினேன். ஏமாந்தேன் என்று நான் சொல்வதற்கில்லை, மகன். தெரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள். எனக்குத் தெரிந்திருந்தது.

உடம்பு குறைந்தது. அதுதான் இதில் உள்ள பொல்லாத விஷயம், குறையத்தான் செய்தது. பசி என்பதே காணாமல் போனது. அம்மா வைத்த சோற்றைப் பார்த்தால் வயிறு திரும்பியது. வாய் காய்ந்தது, தூக்கம் போனது, மாடிப்படி ஏறாமலே நெஞ்சு படபடவென்று அடித்தது. வெறும் மூலிகை இப்படிச் செய்யாது. பசியை அடக்குவதற்கென்று முன்பு விற்ற ஒரு மருந்து உண்டு. பிரஷரை ஏற்றுகிறது, இருதயத்தைக் கெடுக்கிறது என்று அதைப் பல நாடுகளில் நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட மூலிகைக் குளிசைகளுக்குள் அதை ஒளித்து வைக்கிறார்கள் என்று வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. காற்சட்டை தளர்ந்திருந்ததால் சந்தேகத்தைத் தள்ளி வைத்தேன். வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருந்தும் அதைக் கையில் கட்டவில்லை, என்ன காட்டும் என்ற பயம்.

அப்போதுதான் அந்தப் பெண் ஒரு சின்ன வீடியோ கேட்டாள். இரண்டு வார்த்தை சொன்னால் போதும் ஐயா, உங்களைப் போன்ற ஒருவர் சொன்னால் நாலு பேர் குணமடைவார்கள் என்றாள். நான் இஸ்திரி போட்ட சேர்ட்டை உடுத்து, வேலைக்குப் போகும் நாளில் போலப் பையில் பேனையைச் செருகி, முன் அறையில் உட்கார்ந்து பேசினேன். நான் ஓய்வுபெற்ற அரசாங்க மருந்தாளர், இதை நானே பாவிக்கிறேன், எந்தப் பக்கவிளைவும் இல்லை என்றேன். பேசும்போதுகூட நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தம் வீடியோவில் கேட்காது.

அது ஊரெல்லாம் சுற்றியது. எங்கட சேர், எங்கட சேர் என்று ஆளுக்கு ஆள் அனுப்பினார்கள். கடையில் நின்றால் மெலிஞ்சிட்டீங்களே என்றார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. அந்த நாட்களில்தான் நஸீமா என்னைச் சந்தையில் நிறுத்தினாள். அது அவளுடைய பெயரல்ல, இந்தக் கடிதத்துக்காக வைத்த பெயர். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற பிள்ளை, கணவர் த்ரீவீல் ஓடுகிறார், இந்த விவரங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன், ஆனாலும் யாரென்று உனக்கு விளங்கும். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு அவளுக்குப் பிரஷர் வந்தது. அதற்கான குளிசையை ஜன்னலில் எண்ணிக் கொடுத்தவன் நான். மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, “சேர், அந்த மருந்து நல்லமா? எனக்கும் எடுக்கலாமா?” என்று கேட்டாள். உனக்கு அது ஆகாது பிள்ளை என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். பிறகு வீடியோவில் நான் சொன்னதற்கு என்ன அர்த்தம்? நான் பக்கத்துத் தேங்காய்க் கடையைப் பார்த்துக்கொண்டு, “நான் போடுறேன் தானே” என்றேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் அவளுடைய கணவர் நம் வாசலில் த்ரீவீலை நிறுத்தினார். நஸீமா சமையலறையில் விழுந்துவிட்டாள், வாய் கோணி ஒரு பக்கம் இழுத்துவிட்டது, வார்டில் இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்தேன். திட்ட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மடியிலிருந்து அந்தப் போத்தலை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“டொக்டர்மார் கேக்குறாங்க சேர், இதுல என்ன மருந்து ஈக்குதுன்னு. எங்கட சேருக்குத் தெரியும்னு சொல்லிட்டு ஓடி வந்தேன். ஒரு துண்டுல எழுதித் தாங்க, நான் கொண்டு போய்க் குடுக்குறேன்.”

எனக்குத் தெரியாது என்றேன். நான் அவர் கேட்டதைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று நினைத்து, இதுதான் சேர், நீங்க வீடியோவுல சொன்ன அதே மருந்துதான் என்று லேபலைத் திருப்பிக் காட்டினார். மறுபடியும் தெரியாது என்றேன். மகன், என் வேலைக் காலம் முழுவதும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கேட்ட கேள்விகளில் இதைவிட நியாயமான கேள்வி ஒன்று இல்லை. அவர் போத்தலை மறுபடியும் மடியில் செருகினார். பிறகு, “ஏறுங்க சேர்” என்றார். 

வார்டில் இருந்த இளம் டொக்டர் சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்தில் என் சந்தேகத்தைச் சொன்னேன். தெரிந்து சொல்கிறீர்களா, ஊகமா என்று கேட்டார். ஊகம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். நானும் இதை எடுக்கிறேனா என்று கேட்டு, என் கையில் பட்டியைக் கட்டி பிரஷர் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போக விடாமல் அங்கேயே உட்கார வைத்தார். எனக்கு ஒரு தாதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாலு கட்டில் தள்ளி நஸீமா படுத்திருந்தாள். அந்தத் தண்ணீரை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த டொக்டர் பெண்ணுக்கு அழைத்தேன். என் வீடியோவை எடுத்துவிடுங்கள், ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றேன். “நீங்களே விரும்பித் தந்ததுதானே ஐயா” என்று அதே கனிவான குரலில் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. அந்த விளம்பரப் பக்கம் மறைந்தது, வேறு பெயரில் வந்தது. போத்தலின் பெயரும் மாறியது, என் முகம் மட்டும் மாறவில்லை.

இந்த நேரத்தில்தான் நஸீமாவின் தம்பி அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினான். இந்த ஆளை நம்பித்தான் என் ராத்தா விழுந்து கிடக்கிறாள் என்று எழுதினான். அவன் எழுதியதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு நீ எனக்கு அழைத்தாய். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பதிலையும் நீயே கொண்டுவந்தாய்: “அப்பா, இது ஏஐ வச்சு செஞ்சது தானே? உங்க முகத்தத் திருடியிருக்கானுங்க தானே?” நீ என்னை அவ்வளவு நம்பியது அந்த நேரத்தில் எனக்கு வசதியாகப் போயிற்று. “ஆமா மகன், போலி” என்றேன்.

அதற்குப் பிறகு நீ செய்தது எல்லாம் என் பொய்யை நம்பிச் செய்தது. என் அப்பாவின் நேர்மையை மாத்தளைக்கே தெரியும் என்று எழுதினாய். அந்தத் தம்பியைக் காசுக்காக நாடகம் ஆடுகிறவன் என்றாய். உன் சிநேகிதர்கள் சேர்ந்துகொண்டார்கள். யார் யாரோ வந்து அவனுடைய மார்க்கத்தையும் இழுத்தார்கள். வாசிக்க முடியாத வார்த்தைகள். நான் முன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன், ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. கடைசியில் அவன் தான் எழுதியதை அழித்துவிட்டுப் போனான். அன்றைக்கு அம்மா என்னிடம், “நம்ம பிள்ளையையும் இதுக்குள்ள இழுத்துட்டீங்களே” என்றாள். 

பிறகு சிங்களம் பேசும் ஒரு வீடியோ வந்தது. அதே சேர்ட், அதே பேனை, நான் ஒருநாளும் சொல்லாத வார்த்தைகள், என் வாய் அதற்கேற்ற மாதிரி அசைகிறது. அது உண்மையிலேயே கணினியில் செய்த போலி. நீ சொன்னது பிந்தி வந்து உண்மையானது. அதைக் காட்டி எல்லாவற்றையும் மறுத்துவிடலாம் என்ற நினைப்பு எனக்கு வந்தது. ஆனால் அந்தப் போலிக்கு முகத்தைக் கொடுத்தவன் நான். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன், மருந்துகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு மிச்சக் குளிசைகளோடு எழுதினேன். வீடியோவைத் தந்தது நானே என்பதையும் அங்கெல்லாம் சொன்னேன். அதிகாரிகளுக்குச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. அவர்களுக்கு என்னைத் தெரியாது.

தெரிந்தவர் ஒருவர் கேட்டார். நஸீமாவின் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்னைக் கண்டு வண்டியை ஓரம் கட்டினார். அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள், பேச்சு திரும்பிவிட்டது, இடது கை மட்டும் இன்னும் பிடிக்கவில்லை என்றார். பிறகு சொன்னார்: “வீடியோ பொய்யாமே, நீங்க தேவையில்லாம ஒரு நல்ல மனுசன்ட பேரக் கெடுக்குறீங்கன்னு என் வீட்டு ஆக்களே சொல்றாங்க சேர். எனக்கு ஒண்டும் வேணாம். அது நீங்கதான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்.” சொல்கிறேன் என்றேன். சொல்வதற்கு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் அம்மாவும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். இதை எழுதலாமா என்று நஸீமாவிடம் கேட்கத்தான் போனேன். அவள் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாடசாலைக்கு இன்னும் போகவில்லை, பிள்ளைகளுக்குக் கடதாசி வெட்டிக் கொடுக்க முடியாது என்றாள். எழுதுங்கள், ஆனால் என் பெயரைப் போடாதீர்கள், மெலியப் பார்த்து விழுந்தவள் என்று சிரிப்பார்கள் என்றாள். பாதிக்கப்பட்டவளுக்கே இந்த வெட்கம் என்றால், இதை விற்கிறவர்கள் எதை நம்பித் தொழில் செய்கிறார்கள் என்று பார். விழுந்தவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் மன்னிப்புக் கேட்டேன்.  கணவர் தேத்தண்ணி எடுக்க உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னாள்.

“வீடியோவுக்கு எனக்குக் கோவம் இல்ல சேர். அன்டைக்கு சந்தையில நான் கேட்டப்போ நீங்க என் முகத்தப் பாக்கல்ல. அத நான் கண்டேன். கண்டும் வாங்கினேன், எனக்கு மெலியணும்னு ஆச. இப்ப அதத்தான் திரும்பத் திரும்ப நெனைக்கிறேன்.”

மகன், உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. இருந்தாலும் இதை வாசிக்கிறவர்கள் யாராவது ஒரு போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். செய்தவரின் பெயரும் பதிவு இலக்கமும் இல்லாத எதையும் விழுங்காதீர்கள். இலக்கம் இருந்தாலும் அது உண்மையா என்று பார்மசியில் காட்டிக் கேளுங்கள், போலி இலக்கம் அச்சடிக்க ஒரு நிமிடம் போதும். வீடியோவில் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, அல்லது என்னைப் போல ஒரு தெரிந்த முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஃபோனில் பேசுகிறவர் டொக்டர் என்றால் முழுப் பெயரையும் எந்த ஆஸ்பத்திரி என்பதையும் கேளுங்கள், கேட்டதும் குரல் மாறும். உங்கள் படத்தை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே குடித்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். நான் நிறுத்திய பிறகு குறைந்த உடம்பு திரும்பி வந்துவிட்டது. இப்போது கிளினிக்கில் சொன்னபடி சாப்பிடுகிறேன், நடக்கிறேன். கல்யாண மேடையில் நீ பார்க்கப்போவது இந்த உடம்பைத்தான். உனக்கு வரப்போகிறவளிடமும் ஒன்று சொல்லிவிடு. நம் வீட்டில் யாராவது அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால், அது நானாக இருந்தாலும், நீ எழுந்து நின்று தட்டிக் கேட்பாய் என்று.

வவுனியாவுக்கு நேற்றே ஃபோன் பண்ணி உன் மாமனாரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.  வீட்டில் கலந்து பேசிவிட்டு அழைக்கிறேன் என்றார். இன்னும் அழைக்கவில்லை. அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. அதில் உனக்கு ஏதாவது குறை வந்தால் அதற்கும் நான்தான் காரணம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நஸீமாவின் தம்பியின் ஃபோன் இலக்கத்தை அம்மா உனக்கு அனுப்புவாள். அவனுக்கு நீ எழுத வேண்டாம், அழைத்துப் பேசு. எடுக்க மாட்டான், மறுபடியும் அழை. எடுத்தால் முதலில் அவன் திட்டி முடிக்கட்டும், நீ குறுக்கே பேசாதே. பிறகு, நீ எழுதியது உண்மை, என் அப்பா சொன்னதுதான் பொய் என்று அவனிடம் சொல். என்னோடு நீ எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். அவனோடு பேசாமல் இருந்துவிடாதே.

அப்பா
மாத்தளை